ராத்திரிப் பட்டினி

மயிலாப்பூர் குளத்திலிருந்து அடையாறு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு மாமிகள். ஜன்னலோர மாமி கைத்தடியை மடியில் கிடத்திக்கொண்டு, "மூணு மாசமா ராத்திரி பட்டினி கிடக்கறேன், ரெண்டு கிலோ ஏறியிருக்கு" என்றார். நான் கைபேசியை உள்ளே வைத்தேன்.

"மெஷின் சரியா இருக்கா பாருங்கோ" என்றார் பக்கத்து மாமி.

"பொண்ணாத்து மெஷின்லயும் பார்த்தாச்சு, அதேதான். அஞ்சு கிலோ குறைச்சுண்டு வந்தாத்தான் முட்டி ஆபரேஷன்ங்கறார் டாக்டர். ராத்திரி சாதத்தை நிறுத்தச் சொன்னார். அன்னிலேர்ந்து ஒரு பருக்கை தொடலை."

"வெறும் வயித்தோடயா படுத்துக்கறேள்?"

"அதெப்படி? அமாவாசை மாதிரி பலகாரம்தான். அடை, வெண்ணெய், வெல்லம்."

"எத்தனை அடை?"

"பட்டினியாச்சே, நாலு இல்லாம தூக்கம் வராது. என் மாட்டுப்பொண்ணு ராத்திரி ஒரு கரண்டி தயிர்சாதம் சாப்பிடறா, குச்சியாட்டம் இருக்கா. எல்லாம் உடம்பு வாகு."

"வாக்கிங் போறேளோ?"

"தினம் குளத்தை ரெண்டு சுத்து. வலி உயிர் போறது. பேசாம எல்லாத்தையும் விட்டுடலாம்னு இருக்கு."

"விடாதீங்கோ. இவ்வளவு தூரம் வந்தாச்சு." பக்கத்து மாமி சற்று யோசித்தார். "பகல்லயும் சாதத்தை நிறுத்திப் பாருங்கோளேன்."

அடையாறு வந்தது. கைத்தடி மாமி கம்பியைப் பிடித்து ஒரு காலை இறக்கி, மற்றதை இழுத்து வைத்தார்.

"ஆமாம்," என்றார் கீழே நின்றபடி, "ரெண்டு வேளையும் பட்டினி கிடந்தாத்தான் இந்த முட்டிக்கு விடிவுகாலம்."