எல்லா வில்லையும் நல்லம்

“கண்ணாடிக்காரன்ர மனம் நோகுமெண்டு ஆராவது தங்கட கண்ணைக் கெடுப்பினமோ?”

எழுபதுகளில் ஒருநாள், மெல்பேர்ண் டிராமில் எனக்கு முன்னிருக்கையிலிருந்து வந்த குரல் அது. புதுக் கண்ணாடி போட்டிருந்த கணவரை மனைவி ஏசிக்கொண்டிருந்தார்.

“வில்லையை மாத்தி மாத்திப் போட்டு, எது நல்லாத் தெரியுதெண்டு கேட்டவர். மரியாதைக்கு எல்லாம் நல்லமெண்டு சொன்னனான்.”

“அதாலதான் அவர் வில்லையின்ர குழிவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்! உங்களுக்குத் தூரத்துச் சாமான்தான் மங்கல். நடுவில மெல்லிசாயும் ஓரத்தில மொத்தமாயும் இருக்கிற வில்லை வெளிச்சத்தை விரிச்சு, விழித்திரையில சரியாக் குவிய வைக்கும். குழிவு கூடினால் அது விழித்திரையைத் தாண்டிப் போயிடும். கிட்ட இருக்கிறதும் தெரியாது. திங்கக்கிழமை புது வேலையில கட்டடப் படம் கீறவேணும். என்னத்தைப் பாத்துக் கீறப்போறியள்?”

“கத்தாதையும். சனம் பாக்குது.”

“பாக்கட்டும்! அவையளுக்கு நல்லாத் தெரியுதாக்கும். இப்பவே திரும்பிப் போய்ப் பிழையெண்டு சொல்லுங்கோ.”

“எப்பிடிச் சொல்லுறது? கண்ணாடி அருமையெண்டு நேற்றே அவருக்கு நன்றிக் கடிதம் போட்டிட்டன்.”

“இதைப் போட்டுக்கொண்டோ எழுதினனீங்கள்?”

கணவரின் குரல் தாழ்ந்தது.

“இல்லை. கழட்டி வைச்சிட்டுத்தான் எழுதினனான்.”