லிங்கராஜபுரம் நீலம்

கூட்டக் குறிப்பு எழுதும்போது வந்திருந்தவர்களின் பெயரை முதலில் எழுத வேண்டும். முப்பத்துநான்கு வருட அரசுப் பணியில் நான் கற்றது அது. சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சேஷகிரியாகிய நான். என் மனைவி அனந்தலக்ஷ்மி. எங்கள் வயலட் செடி வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் ஆஞ்சலா. இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்யும் பாஞ்சாலி. அவள் மகள் ரூபினி, வைட்ஃபீல்டில் ஏதோ கம்பெனியில் இருக்கிறாள், என்னை அங்கிள் என்று கூப்பிடுகிறவள். பாஞ்சாலிக்கும் அன்று எங்கள் டம்ளரிலேயே காபி கொடுக்கப்பட்டது. அவளுக்கென்று இருக்கும் டம்ளர் எங்கே என்று நான் கேட்கவில்லை. விருந்தினர் முன் மனைவியைத் திருத்துவது பண்பல்ல.

அந்தக் கூட்டத்தில் நான் அதிகம் பேசவில்லை. இப்போது எழுதக் காரணம், அதன் பிறகு இந்தப் பக்கத்தில் கிளம்பியிருக்கும் ஒரு பேச்சு எங்கள் குடும்பப் பெயரைத் தொடுகிறது. அதைக் கடைசியில் சரிசெய்கிறேன். முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இது சங்கத்தின் கோப்பில் சேர வேண்டும்.

எங்கள் வீட்டு ஆப்பிரிக்கன் வயலட்டின் வம்சம் 1957இல் தொடங்குகிறது. இதே தெருவில் அப்போது குடியிருந்த ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியிடமிருந்து என் தகப்பனார் ஒரே ஓர் இலையைப் பெற்றுவந்தார். அந்த அம்மாள் பிஸ்கட் எடுக்க உள்ளே போயிருந்த சமயத்தில், கைக்குட்டையில் பெற்றுவந்தார். வயலட் இலையைக் காம்போடு மண்ணில் ஊன்றினால் அடியில் குட்டி வரும். தாய் எப்படியோ பிள்ளை அப்படி, நிறம்கூட மாறாது. வம்சம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பார் தகப்பனார். கண்காட்சிகளில் அந்தச் செடிக்கு முன்னால் வைக்கும் அட்டையில் அன்றுமுதல் இன்றுவரை ஒரே பெயர்தான். சேஷகிரி குடும்ப நீலம். என் பாட்டனார் பெயரும் சேஷகிரி.

வயலட்டுக்கு வருடம் ஒரு முறையாவது மண் மாற்ற வேண்டும். பழைய மண் இறுகி, மேலே உப்புப் பூத்து, வேருக்கு மூச்சு முட்டும். செடியைக் கவிழ்த்து எடுத்து, அடி இலைகளைக் கிள்ளி, மொட்டையாகத் தெரியும் கழுத்தைச் சுரண்டி, அந்தக் கழுத்து மறையும்படி புது மண்ணில் உட்காரவைக்க வேண்டும். தொட்டி மட்டும் பெரிதாக இருக்கக் கூடாது. தகுதிக்கு மீறி இடம் கொடுத்தால் வயலட் அழுகிவிடும். செடிகளிடம் நான் கற்றவற்றில் முக்கியமானது இது.

கிள்ளிய அடி இலைகள் குப்பை. குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவது பாஞ்சாலியின் வேலை. அவள் அதைப் போட்ட இடம் லிங்கராஜபுரத்தில் அவள் வீட்டு ஜன்னல் என்பது ஜூலை மாதம்வரை எனக்குத் தெரியாது.

கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலோடு ஆஞ்சலா வந்தார்.

"சேஷகிரி சார், ஒரு குட் நியூஸ். உங்க வீட்டு பாஞ்சாலி பேர் குடுத்திருக்கா. நானே போய்ப் பார்த்தேன். முப்பத்தெட்டு தொட்டி சார், மேல டியூப் லைட் எல்லாம் கட்டி. கோவிச்சுக்காதீங்க, உங்களோடதவிட பூ ஜாஸ்தி."

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். செடியின் பெயர் என்ற கட்டத்தில் 'லிங்கராஜபுரம் நீலம்' என்று இருந்தது. ரூபினி போனில் நிரப்பி அனுப்பியிருக்கிறாள்.

"ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

மறுநாள் பாஞ்சாலியைக் கேட்டேன். அவள் வெட்கப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"குப்பையில போடச் சொன்னீங்க ஐயா, மனசு வரல. ஒண்ணு ரெண்டு பொழைச்சுது. அப்பறம் இன்னா, ஊடு பூரா அதான். ரூபினி அப்பா இருந்தப்போ, செடிய உள்ள வெச்சுட்டு நாம ரோட்டுல படுக்கலாமாடின்னு கத்துவாரு." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ரேசன் கார்டை வுட்டா என் பேரு எதுலயும் அச்சுல வந்ததில்ல ஐயா. இப்ப பூவுக்கு முன்னாடி அட்டையில போட்டு வெப்பாங்களாம். அந்த ஒண்ண பாத்துட்டா போதும்."

அவள் திருடினாள் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எங்கள் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு எத்தனையோ போயிருக்கிறது. பழைய புடவை, பழைய சட்டை, மிஞ்சிய சாதம், மூடி உடைந்த மிக்ஸி. கொடுப்பதில் நாங்கள் குறை வைத்ததில்லை. ஆனால் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் முன் வரிசையில் யாரும் உட்கார்ந்ததில்லை. நான் பார்த்த வேறுபாடு அவ்வளவுதான்.

அதே வாரத்தில் எங்கள் செடிகளில் இரண்டு வாடின. பாஞ்சாலிதான் முதலில் கண்டாள்.

"ஐயா, மண்ணுல வெள்ளையா இன்னாவோ கீது."

அது பெர்லைட் என்றேன். மண் இறுகாமல் இருக்கக் கலக்கிற, பொரி போல வெள்ளையாக இருக்கும் கல்.

"கல்லு நடக்குமா ஐயா?"

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். நடந்தது. வேர் மாவுப்பூச்சி. மண்ணுக்குள்ளேயே இருந்து வேரை உறிஞ்சும். வெளியே தெரியும்போது செடி பாதி போயிருக்கும். வாடிய இரண்டையும் கழித்துவிட்டு, மற்ற செடிகளின் வேரை அலசிப் புது மண்ணுக்கு மாற்றினேன். குடும்பச் செடி தப்பியது. பழைய மண்ணைப் பையில் இறுகக் கட்டி எறிந்துவிட வேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. நான் எதையும் வீணாக்காதே என்று வளர்க்கப்பட்டவன். மூடி போட்ட ஒரு வாளியில் அதை எடுத்துவைத்தேன்.

மூன்று வாரம் வைத்திருந்தேன். வாரம் இரண்டு முறை தண்ணீர் தெளித்தேன். செத்த செடிகளின் வேரை நறுக்கி உள்ளே போட்டேன். உயிருள்ள எதையும் பட்டினி போடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நன்றாகவே பெருகின. பிறகு உண்மையான பெர்லைட்டையும் நாலு பிடி சேர்த்துக் கிளறினேன். எது கல், எது மற்றது என்று எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வாளியோடு ஆட்டோ பிடித்து லிங்கராஜபுரம் போனேன். கண்காட்சிக்கு முன் மண் மாற்ற வேண்டும், புதுக் கலவை கொண்டுவந்திருக்கிறேன், நானே மாற்றித் தருகிறேன் என்றேன். பாஞ்சாலி வாளியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தினி வருசத்துல ஐயா எனக்குன்னு புதுசா குடுத்தது இதான்" என்றாள்.

அந்தச் சொல்லில் குத்தல் இருந்ததா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். இல்லை.

அவள் வீட்டுக்குள் நான் போனது அதுவே முதல் தடவை. ஒரே அறை. ஜன்னல் ஓரமும் அலமாரியும் முழுக்க நீலம். நன்றாக வளர்த்திருந்தாள், அதை மறைக்க மாட்டேன். நாற்காலி போட்டாள். வேலை தரையில்தான் சரிப்படும் என்று கீழேயே உட்கார்ந்தேன். டீ போட்டுக்கொண்டு வந்தாள். டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார் என்றேன். மூன்று மணி நேரத்தில் முப்பத்தெட்டுத் தொட்டிகளையும் மாற்றினேன். ஒரு வேர் அறுபடவில்லை, ஒரு கழுத்து ஒடியவில்லை. அந்த வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

நடுவில் ஒரு பிடி மண்ணை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதுலயும் வெள்ளையா கீதே ஐயா. கல்லுதானே?"

"கல்தான்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி."

இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். ஆட்டோவில் திரும்பும்போது அது என்னை உறுத்தியது. நாங்கள் பொய் பேசுகிற குடும்பம் அல்ல.

ஏழாவது வாரத்தில் அந்த முப்பத்தெட்டில் ஒரு செடிகூட நிமிர்ந்து நிற்கவில்லை. ஆஞ்சலா போய்ப் பார்த்து, ஒரு செடியைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாவற்றையும் பையில் கட்டி எறியச் சொன்னார். அதன் பிறகுதான் செவ்வாய்க்கிழமைக் கூட்டம்.

ரூபினி சுற்றி வளைக்கவில்லை. "மண்ணு எங்க வாங்கினீங்க அங்கிள்?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் பாஞ்சாலி அவளைப் பிடித்துக்கொண்டாள். "வாய மூடுடி. ஐயா செய்வாரா? எந்தக் கடைக்காரனோ ஏமாத்தி வித்துட்டான். மூணு மணி நேரம் தரையில குந்திக்கினு செஞ்சாரு, முட்டி வலியோட. பெத்த அப்பன் செய்யமாட்டான்."

"ஆமா, கடைக்காரன் உன்னத் தேடி வந்து வித்தான்" என்றாள் ரூபினி. "நீ இப்படியே சொல்லிக்கினு இரு."

நான் எதையும் மறுக்கவில்லை. மூட்டு வலி உண்மைதான்.

அப்போது அனந்தலக்ஷ்மி, நாற்பத்தேழு வருட தாம்பத்தியத்தில் ஒருமுறைகூட நான் பேசும் சபையில் குறுக்கே பேசாதவள், டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, இத்தனை நாள் சொல்லலை. மூணு வருஷம் முன்னாடி நீங்க பைபாஸ் பண்ணிண்டு ஆஸ்பத்திரில இருந்தப்போ, நான் மேலேருந்து தண்ணியைக் கொட்டிக் கொட்டி நம்ம செடி குருத்தோட அழுகிப்போச்சு. பாஞ்சாலிதான் அவ வீட்டுலேர்ந்து ஒண்ணைக் கொண்டுவந்து அதே தொட்டில வெச்சா. நீங்க வந்து பார்த்தா நெஞ்சு தாங்காதுன்னு அவதான் சொன்னா. மூணு வருஷமா நீங்க ப்ரைஸ் வாங்கறது அவ செடிக்கு."

"வுடுங்கம்மா, அத போயி இப்ப இன்னாத்துக்கு" என்றாள் பாஞ்சாலி.

ஆஞ்சலா என்னைப் பார்த்தார். ரூபினி ஜன்னலில் இருந்த செடியைப் பார்த்தாள். நான் நிதானமாக யோசித்தேன். எங்கள் இலை வெளியே போயிருந்தது, திரும்பி வந்துவிட்டது. பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்ணுக்குக் கோத்திரம் கேட்பார் உண்டா? ஜன்னலில் இருப்பது எங்கள் செடி. லிங்கராஜபுரத்தில் இருந்தவை வேறு. இதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை, அன்றும் இல்லை.

எழுந்து போகும்போது பாஞ்சாலி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கண்காட்சி போனா போவுது ஐயா. அட்டையும் வேணாம். இதுலருந்து ஒரே ஒரு இலை குடுங்க. மொதல்லருந்து ஆரம்பிச்சுக்கறேன்."

"நாளைக்குக் காலையில் வாங்கிக்கொள்" என்றேன்.

கண்காட்சி நேற்று முடிந்தது. சேஷகிரி குடும்ப நீலத்துக்கு முதல் பரிசு.

சங்கம் கேட்க நினைக்கும் கேள்விக்குப் பதில் இது. மண்ணைக் கொடுத்தது நான். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் கொடுத்தேன். முப்பத்தெட்டும் சாக வேண்டும் என்றுதான் கொடுத்தேன். அதற்காகச் சங்கம் என்னை நீக்குவதானால் நீக்கட்டும், விதிகளை மதிக்கிறவன் நான். இந்தக் கடிதத்தைப் பாஞ்சாலிக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்தின் மேல் அவளுக்குப் பெரிய மதிப்பு. அதைக் குலைப்பது பாவம்.

இனி அந்தப் பேச்சு. கிழவன் கேட்டும் ஓர் இலை கொடுக்கவில்லை, நாளைக்கு வா என்று சொல்லி விரட்டிவிட்டான் என்று ரிச்சர்ட்ஸ் டவுன் முழுக்கச் சொல்கிறார்களாம். அது உண்மை அல்ல. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் வந்தாள். நடு வரிசையில் நல்ல இலையாகப் பார்த்து நானே கிள்ளினேன். சமையலறைக்கு எடுத்துப்போய், காபிக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் காம்பை மட்டும் ஒரு நிமிடம் பிடித்தேன். ஈரத் துணியில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தேன். இலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறதாம், தினமும் காலையில் வேர் விட்டதா என்று பார்க்கிறாளாம். நான் கொடுக்கவில்லை என்று சொல்வது அபாண்டம்.