படிவத்தின் பின்பக்கம்

உங்கள் படிவத்தில் ஒன்பதாவது கேள்விக்கு இரண்டே வரி இடம் விட்டிருக்கிறீர்கள், மேடம். என் எழுத்து கொஞ்சம் பெரிசு, அதனால் பின்பக்கத்தில் எழுதுகிறேன். குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் சமூக சேவை செய்ய வைத்ததில் எனக்குத் திருப்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்திதான்.

அவன் என் வீட்டில் திருட வந்தபோது நான் குளியலறையில் இருந்தேன். வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து திறக்கும்வரை ஒன்றரை நாள் உள்ளேயே கிடந்தேன். போன சாமான்களைப் பற்றிக் கவலையில்லை. அன்றிலிருந்து என்னால் கதவைச் சாத்திக் குளிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நீதிபதி என் கருத்தைக் கேட்டபோது, "ஜெயிலெல்லாம் வேண்டாங்க. நான் நூலகரா இருக்கேன், எங்க நூலகத்துலயே வந்து வேலை பாக்கட்டும்," என்றேன். எவ்வளவு பெரிய மனசு என்று நன்னடத்தை அதிகாரியான நீங்கள்கூட என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். மனசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சிறைக்குப் போனவன் என்றைக்கு வெளியே வருவான், எந்தத் தெருவில் நிற்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்? இங்கே என்றால் கண் முன்னாலேயே இருப்பான்.

மொத்தம் இருநூறு மணி நேரம். தினமும் அவன் நேரத்தாளில் கையெழுத்துப் போட்டது நான். அலமாரி துடைத்தான், கிழிந்த அட்டைகளை ஒட்டினான், வாய்க்கு வாய் அம்மா என்றான். பர்ஸை வேண்டுமென்றே மேசையில் விட்டுவிட்டு நகர்ந்து பார்த்தேன். பின்னாலேயே ஓடி வந்து, "நாலு பேர் வந்து போற இடம்மா, இப்படியா வெச்சுட்டுப் போவீங்க?" என்று எனக்கே புத்தி சொன்னான். பீரோ சாவியை விட்டுப் பார்த்தேன், அதுவும் பத்திரமாகத் திரும்பி வந்தது. மகளுக்கென்று கேட்டு வாங்கிப் போன படப் புத்தகத்தை மூன்றாம் நாளே கொண்டுவந்து கொடுத்தான். நடிப்புக்கும் ஒரு அளவு வேண்டாமா? ஒருவன் இத்தனை நல்லவனாக இருந்தால் சந்தேகம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

கடைசி நாளன்று, "நாளைலேருந்து ஒரு பட்டறையில வேலைம்மா. உங்க தெருவுக்கு அடுத்த தெருதான்," என்றான், முகமெல்லாம் சிரிப்பாக. இனி நேரத்தாளும் இல்லை, அவன் என் கண் முன்னாலும் இருக்க மாட்டான். அவன் கை கழுவப் போனபோது என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் பைக்குள், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தேன். கடிகாரத்தைக் காணோம் என்று உங்களுக்கு போன் செய்தேன்.

பையைத் திறந்தது நீங்கள்தான். அவன் உங்களைப் பார்க்கவே இல்லை. "அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா," என்று என்னிடம்தான் கெஞ்சினான். கடிகாரம் என்னுடையதுதான் என்றேன். நிபந்தனையை மீறினான் என்று நாலு வருஷம் உள்ளே போட்டார்கள். போன மாதம் சிறையிலேயே உயிரை விட்டுவிட்டான் என்று படிவத்தோடு வந்த கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது, சின்ன வயசு.

கடிகாரத்தை வைத்தது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வந்துசேர இருபது நிமிஷம் ஆயிற்று, மேடம். அத்தனை நேரமும் பை அவன் காலடியில்தான் இருந்தது. யோக்கியனாக இருந்தால் ஒரு தடவையாவது திறந்து பார்த்து, என்னிடம் கொண்டுவந்து கொடுத்திருக்க மாட்டானா?