சித்திரை மாதத்துப் பனி

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இரண்டாம் தட்டு என்னுடையது. மேலே பால், தயிர். கீழே தோசைமாவு, காய்கறி. நடுவில் என் எவர்சில்வர் டப்பாக்கள். ரீனா ஆரம்பத்தில் முகம் சுளித்தாள், பிறகு பழகிவிட்டாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆனால் எதுவும் பழகிவிடும். இதை முதலிலேயே சொல்லக் காரணம், இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் வீட்டைச் சோதனை போட்ட அன்று உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் அந்த டப்பாவில் ஒன்றைத் திறந்துவிட்டு, பதறிப்போய்க் கீழே போட்டார். உள்ளே இருந்தது வெறும் பட்டாம்பூச்சி. போலீஸ்காரர் பயப்படும்படி ஒன்றுமில்லை.

என் பெயர் ரொனால்டு. வயது நாற்பத்தேழு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டீ கூட வாங்கிக் கொடுத்தீர்கள். அதில் சர்க்கரை அதிகம், ஆனால் அது உங்கள் குற்றமில்லை.

கொரோனா சமயத்தில் கடை மூடிக் கிடந்தபோதுதான் இந்தப் பொழுதுபோக்கு வந்தது. மொட்டைமாடிச் செம்பருத்தியில் ஒரு தட்டான் உட்கார்ந்திருந்தது. செல்போனில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் கண் ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான சின்னக் கண்ணாடிகள். இருபது வருஷமாகக் கண்ணாடி விற்கிறவனுக்கு அதைப் பார்த்து அழுகை வந்தது. பொய்யில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாதமே மதுரையில் ஒருவரிடம் பழைய கேமராவும், சின்னதைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸும் வாங்கினேன்.

பூச்சியிடம் ஒரே குறை, அடங்கி உட்காராது. அதற்குத்தான் ஃபிரிட்ஜ். பத்து நிமிஷம் குளிரில் இருந்தால் விறைத்துவிடும், சாகாது. எடுத்து இலையில் உட்காரவைத்து, கிளிசரின் கலந்த தண்ணீரைப் பீய்ச்சினால் பனித்துளி மாதிரியே முத்து முத்தாக நிற்கும். வெயில் ஏறினாலும் சீக்கிரம் காயாது. சூடு பட்டதும் பூச்சி காலை உதறிப் பறந்துவிடும். எது எத்தனை நிமிஷத்தில் விழிக்கும் என்று நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறேன். தட்டானுக்கு நான்கு. வெட்டுக்கிளிக்கு ஆறு. நன்றாக விறைக்கவைத்த கதண்டுக்கு ஏழிலிருந்து ஒன்பது. கதண்டு என்றால் பனைமரத்தில் கூடு கட்டுகிற பெரிய குளவி. கன்னிவாடிப் பக்கத் தோப்புகளில் கேட்டால் காட்டுவார்கள்.

சில பூச்சிகள் விழிக்காமலே போனதும் உண்டு. அப்போது ஒரு சொட்டுப் பசை போதும், உயிரோடு இருப்பது போலவே நிற்கும். சின்னாளப்பட்டி ரோட்டில் ஒரு எலுமிச்சை மரத்தில் தையல்சிட்டுக் கூடு இருந்தது. இலைகள் மறைத்ததால் சுற்றிலும் கத்தரித்துவிட்டுக் குஞ்சுகளைப் படம் எடுத்தேன், அருமையான வெளிச்சம். மறுநாள் போனபோது கூடு காலி. காக்கை பார்த்திருக்கும். காக்கையும் இயற்கைதானே, மேடம். நான் அதை ஒன்றும் கூப்பிடவில்லை.

இனி கிறிஸ்துராஜைப் பற்றிச் சொல்கிறேன். ரீனாவின் தம்பி, பள்ளிக்கூட வாத்தியார், முப்பத்துநான்கு வயது. என்னைப் பார்த்துத்தான் அவனும் கேமரா வாங்கினான். அவன் படங்கள் எல்லாம் கலங்கலாக இருக்கும். கொக்கு பறந்துபோன வானத்தை எடுத்துவிட்டு, “இப்பத்தான் மச்சான் போச்சு” என்று சிரிப்பான். ஞாயிறு விடியற்காலையில் இருவரும் படம் எடுக்கப் போய்விட்டு இரண்டாம் பூசைக்குத் திரும்பிவிடுவோம். முதல்நாள் சாயங்காலமே அவன் கேமராப் பையைக் கடைக்கு வாங்கி லென்ஸ் துடைத்து வைப்பேன். கண்ணாடிக்காரன் துடைத்தால் தனிச் சுத்தம் என்பான்.

அவனுக்குக் கொடுக்குப் பூச்சி ஆகாது. மூன்று வருஷம் முன்னால் ஒரு குழந்தையின் புதுநன்மை விருந்தில் தேனீ ஒன்று கழுத்தில் கொட்டி, முகம் வீங்கி, மூச்சே நின்றுவிடப் பார்த்தது. அன்றிலிருந்து ஊசிமருந்தை ஒரு மஞ்சள் டப்பாவில் போட்டுக் கேமராப் பையில் வைத்திருந்தான். எப்படிப் போடுவதென்று டாக்டர் ரீனாவுக்கும் எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். எனக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் பங்குக்கோயிலில் வருஷாவருஷம் காலண்டர் போடுவார்கள். ஆயிரத்தெண்ணூறு குடும்பம். ஒவ்வொரு வீட்டிலும் பன்னிரண்டு மாதம் சுவரில் தொங்கும். இந்தத் தடவை மாதா படத்துக்குப் பதில் பங்கு மக்கள் எடுத்த இயற்கைப் படம் போடலாம் என்று ஃபாதர் சொன்னார். ஒரே நிபந்தனை, உள்ளதை உள்ளபடி எடுத்திருக்க வேண்டும். கடவுள் படைப்பில் நாம் கைவைக்கக் கூடாது என்றார். என் தட்டான் படம் தேர்வானது. மேலெல்லாம் பனித்துளி, பின்னால் பொன்னிற வெளிச்சம். படிவத்தில் தேதி கேட்டிருந்தார்கள். ஏப்ரல் இருபத்தேழு என்று எழுதிவிட்டேன். தேதி விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை.

படம் தேர்வான ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பாடு. கிறிஸ்துராஜ் படத்தைப் போனில் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“படம் அம்புட்டு அழகு மச்சான். ஆனா சித்திரை மாசத்துல ஏது இம்புட்டு பனி?”

“ஏலே, பேசாம சாப்புடு. வெஞ்சனம் ஆறுது” என்றாள் ரீனா.

தண்ணீர் எடுக்க எழுந்த கிறிஸ்துராஜ் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபடி வெகுநேரம் நின்றான். “கதவச் சாத்துடா, கூலிங் போயிரும்” என்று ரீனா சத்தம் போட்ட பிறகுதான் சாத்தினான். திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். அது வழக்கமான சிரிப்பு என்றுதான் யாரும் சொல்வார்கள். கைகழுவும்போது, “சாயந்தரம் ஃபாதரப் பாக்கப் போறேன் மச்சான்” என்றான்.

“என்ன விஷயம் மாப்ள?”

“சும்மாதான். காலண்டர் விஷயம்.”

அன்றிலிருந்து நான் அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். கடைக்கு வந்தவன் மேஜைமேல் இருந்த கிளிசரின் பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வைத்தான். கேட்காததுதான் எனக்கு உறுத்தியது. பங்கு வாட்ஸப் குழுவில் அவன் ஏதோ எழுதுவதாகக் காட்டினால் போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் ‘காலை வணக்கம்’ என்று ஒரு ரோஜாப்பூ வந்து விழும். பூசை முடிந்து ஃபாதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகநேரம் பிடித்திருந்தார். என்மேல் பரிதாபப்படுகிறாரோ என்று தோன்றியது. இரண்டு வாரத்தில் எனக்குத் தூக்கம் போனது. அவனோ நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வருவான்.

நேராக அவனிடமே கேட்டிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். கேட்டிருந்தால், யாரிடமும் சொல்லவில்லை என்றிருப்பான். நான் நம்பியிருக்க மாட்டேன். பிறகு எதற்குக் கேட்பது? விஷயம் வெளியே வந்தால் ஆயிரத்தெண்ணூறு வீட்டிலும் என்னை ‘ஃபிரிட்ஜ் ரொனால்டு’ என்பார்கள். இந்த ஊரில் பட்டப்பெயர் விழுந்தால் விழுந்ததுதான். எங்கள் கடைக்கு எதிரே ஒருவர் என்றோ ஒருநாள் கல்யாணப் பந்தியில் இரண்டுதரம் உட்கார்ந்தார். இன்றைக்கு அவருடைய பேரனைக்கூட அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு ஆத்தூர் அணைப் பக்கம் போவதாக ஏற்பாடு. முந்தின நாள் வழக்கம்போல அவன் பையை வாங்கி லென்ஸ் துடைத்தேன். மஞ்சள் டப்பாவை எடுத்துக் கடை மேஜையின் கடைசி இழுப்பறையில், பழைய கண்ணாடிக் கூடுகளுக்கு நடுவே வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. பை கனமாக இருப்பதாக அவனே ஒருமுறை குறைப்பட்டிருக்கிறான்.

கதண்டு நான்கு பிடித்து வைத்திருந்தேன். விடிவதற்கு முன்பே குளிரவைத்து, ஐஸ்கட்டி போட்ட சின்னத் தெர்மாகோல் பெட்டியில் எடுத்துக்கொண்டேன். ஆளுக்கொரு பைக். செம்பட்டி தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். அவன் ஹெல்மெட்டை வண்டிமேல் வைத்துவிட்டுக் கடைக்குள் போனான். ஹெல்மெட்டுக்குள் காதுப் பக்கத்துப் பஞ்சில் நான்கையும் ஒவ்வொன்றாக உட்காரவைத்தேன். விறைத்த பூச்சியை எப்படிப் பிடித்தால் கால் ஒடியாது என்பது ஒரு கைப்பழக்கம். அவனுக்கும் சேர்த்து நான்தான் காசு கொடுத்தேன். அங்கிருந்து அணைக்கரைக்கு எட்டு நிமிஷம்.

நூறடி பின்னால் போனேன். கரைமேல் ஏறியதும் அவன் வண்டி ஒருமுறை வளைந்தது. ஸ்டாண்டு கூடப் போடாமல் வண்டியைச் சாய்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினான். கழுத்தில், காதோரத்தில், ஐந்தாறு இடம் இருக்கும். பையைக் கொட்டித் தேடினான்.

“மச்சான், மஞ்ச டப்பா. டப்பாவக் காணோம் மச்சான்.”

“நல்லாத் தேடு மாப்ள.”

நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அவன் கையை நீட்டித் தடுத்தான். “தள்ளி நில்லுங்க மச்சான். இன்னும் ஒண்ணு உள்ள இருக்கு. உங்களயும் கொட்டிரும்.”

அதற்குப் பிறகு அவனால் பேச முடியவில்லை. அவன் சொன்னபடி தள்ளியே நின்றேன். கடைசிவரை அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. நான் அவனை அவ்வளவு சந்தேகப்பட்டிருந்தேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். விழுந்தவனின் முகத்துக்கு அருகில் ஹெல்மெட் கிடந்தது. அதன் கண்ணாடிமேல் அணைத் தண்ணீரிலிருந்து எழும்பிய மூடுபனி நிஜத் துளிகளாகப் படிந்திருந்தது. உள்ளே இருந்த கடைசிக் கதண்டு மெதுவாக அதன்மேல் ஏறி வந்து, இறக்கையை விரித்து நின்றது. சூரியன் அந்தப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்தது. நான்கு வருஷமாக நான் பீய்ச்சியும் ஒட்டியும் செய்ய முயன்றது, யாரும் தொடாமல் தானாக வந்து எதிரே நின்றது. கேமராவை எடுத்தேன்.

ஒரு சிரமம் இருந்தது. அவன் மூச்சுப் பட்டுக் கண்ணாடியின் ஒரு ஓரம் மங்குவதும் தெளிவதுமாக இருந்தது. ஹெல்மெட்டை நகர்த்தினால் கதண்டு பறந்துவிடும். அதனால் கண்ணாடி முழுக்கத் தெளியும்வரை காத்திருந்தேன். பிறகு எடுத்தேன். நாற்பத்துமூன்று படங்கள். வெளிச்சம் வெளுத்த பிறகு நூற்றெட்டுக்குப் போன் செய்தேன்.

கதண்டு கொட்டிச் சாவது இந்தப் பக்கம் புதிதில்லை. யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடக்கத்தன்று ஃபாதர்தான் தனியே கூப்பிட்டுச் சொன்னார். சித்திரைப் பனியைப் பற்றி முதலில் சந்தேகப்பட்டது அவராம். விவசாயக் குடும்பத்துக்காரர் அல்லவா. கிறிஸ்துராஜிடம் விசாரித்திருக்கிறார். அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்ட அன்று சாயங்காலம் போய், அது சிறுமலை மேலே எடுத்த படம், தானும் கூட இருந்தேன், அங்கே சித்திரையிலும் பனி விழும் என்று சத்தியமே செய்திருக்கிறான். “மச்சான் மனசு சங்கடப்படும், அவர்ட்ட இதப்பத்திக் கேக்காதீங்க ஃபாதர்” என்றும் சொன்னானாம். அவன் பொய் சொல்லக்கூடியவன் என்று எனக்குத் தெரியாது. வாத்தியார் வேலை பார்க்கிறவன், அதுவும் கோயிலில். அன்று முழுக்க எனக்கு மனசே ஆறவில்லை.

காலண்டர் வந்தது. அச்சு கொஞ்சம் இருட்டு. எனக்கு அதில் முன்போல ஆசையும் இல்லை. பெங்களூரில் ஒரு பெரிய போட்டி நடந்தது. அங்கே படத்தோடு கேமராவில் பதிவான மூல ஃபைலையும் கேட்பார்கள், எதையும் மாற்றவில்லை என்று பார்ப்பதற்கு. இத்தனை நாள் அந்த மாதிரிப் போட்டிக்கு நான் அனுப்பியதே கிடையாது. இப்போது என்னிடம் அனுப்பக்கூடிய படம் ஒன்று இருந்தது. பரிசும் கிடைத்தது.

ரீனாவுக்கு நானே காட்டினேன், சந்தோஷப்படுவாள் என்று. அவள் கதண்டைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டின் ஓரத்தில் ஒரு சிலுவை ஸ்டிக்கர் இருந்தது, தம்பிக்கு அவள் ஒட்டிவிட்டது. அதைத்தான் பார்த்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். உங்களிடம்தான் வந்திருக்கிறாள். நீங்கள் போட்டிக்காரர்களிடம் மூல ஃபைலை வாங்கிப் பார்த்தீர்கள். முதல் படம் எடுத்த நேரம் ஆறு நாற்பத்தொன்று. நான் நூற்றெட்டைக் கூப்பிட்டது ஆறு ஐம்பத்தெட்டு. பதினேழு நிமிஷம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன்.

கிறிஸ்துராஜைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு விஷயம் மட்டும். போட்டிக்காரர்கள் பரிசைத் திரும்ப எடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். அது நியாயமில்லை. தட்டானுக்குப் பனி நான் பீய்ச்சியது, பட்டாம்பூச்சிக்குப் பசை நான் வைத்தது, தையல்சிட்டுக் கூட்டுக்கு இலையைக் கத்தரித்ததும் நான்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு படத்தில் மட்டும் நான் எதிலுமே கைவைக்கவில்லை, மேடம். எல்லாம் தானாக அமைந்தது.