படத்தில் ஐந்து பிள்ளைகள்

புனித அந்தோனியார் மேல் ஆணையாக, பாதர், நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. காணாமல் போனதைத் தேடித் தருகிற சாமி அவர். அவரோடு வம்பு வைத்துக்கொள்ள எனக்கு ஆசையில்லை.

எழுபத்துநாலாம் வருடம். கந்தப்பளையில் படம் பிடிக்கிற கடை வைத்திருந்தேன். பத்திநாதன் எடுத்தால் பேய்க்கும் லட்சணம் வரும் என்று பேர். ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிற தோட்டத்துக் குடும்பமெல்லாம் பாஸ்போட் படத்துக்கு என்னிடம்தான் வரும். பிலிமோ கண்ணில் காணக் கிடைக்காது. ஒன்றை நாலாக வெட்டி, நகத்தளவு துண்டில் ஒரு குடும்பத்தையே அடக்குவேன். பெரிதாக்கினால் முகமெல்லாம் ரவைக் கஞ்சி மாதிரி வரும். அந்தப் பெரிய படத்தில் பென்சிலால் நானே நிரப்பிவிடுவேன்.

அதில் ஒரு சங்கதி கண்டுபிடித்தேன். மனுஷக் கண் மகா சோம்பேறி. விழி, புருவம், வாய் மூன்றையும் பார்த்துவிட்டு மீதியை அதுவே போட்டுக்கொள்ளும். காது யாருக்கும் வேண்டாம். ஒரு வருடம் முழுக்கக் கந்தப்பளைக்கே ஒரே காதைத்தான் போட்டேன். அது தபால்காரர் றோலண்டின் காது. ஒருத்தரும் கேட்கவில்லை. இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி தெரிந்தால் போதும். நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கை சொல்லும்.

சோலைமலையும் பேச்சியம்மாவும் நாலு பிள்ளைகளோடு வந்தார்கள். பதினொன்று, ஆறு, நாலு, இரண்டு வயது. மூத்தவனுக்கு அடுத்து மீனம்மா என்று ஒன்று இருந்து, காய்ச்சலில் போய்விட்டது. பேர் மட்டும் பாஸ்போட் விண்ணப்பப் பாரத்தில் இருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். தலைகள் படிக்கட்டு மாதிரி இறங்கின, ஒரு படி மட்டும் இல்லை. கண் அந்த இடத்தில் தடுக்கி விழுந்தது. கை சும்மா இருக்குமா? அண்ணனில் பாதி, தம்பியில் பாதி எடுத்து, எட்டு வயதில் ஒரு பெண்ணைப் போட்டு நிரப்பிவிட்டது. ஆபீசில் முத்திரையும் குத்திவிட்டார்கள்.

பாஸ்போட் வந்த அன்று சோலைமலை கடைக்கு ஓடி வந்தான்.

"என்னங்க இது, நாலக் குடுத்தா அஞ்சாத் திருப்பித் தர்றீங்க?"

"தலைமன்னார்ல தலைய எண்ணுவான்யா. ஒண்ணு கொறஞ்சா கப்பல்ல ஏத்த மாட்டான்."

"இப்பப் புள்ளைக்கு நான் எங்கங்க போறது?"

எட்டு வயதுப் பெண்கள் ஊரில் எத்தனையோ பேர். நான் வரைந்த முகத்துக்குப் பொருந்தியது ஒன்றே ஒன்று, என் மகள் சுகிர்தம். தினமும் பார்க்கிற முகம் கைக்குள் புகுந்திருக்கும். அதைக் கையிடம்தான் கேட்க வேண்டும். அவள் அம்மா இறந்து இரண்டு வருடம். தெரேசா என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தாள். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்று அவள் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அங்கே ஒரு குடும்பம் லயத்து வீட்டைக் காலி செய்து, கோழிகளைக்கூட விற்றுவிட்டு நிற்கிறது. என் பிழைக்கு அவர்களா தண்டனை அனுபவிப்பது?

கோச்சி ஏறுகிற அன்று காலையில்தான் அவசர அவசரமாகப் பெரிய பூப்போட்ட கவுன் ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். நானுஓயா ஸ்டேசனில் பேச்சியம்மா அவள் தலையைத் தடவி, "வாடி மீனம்மா" என்றாள்.

"எம்பேரு சுகிர்தம். அப்பா, நீங்க எப்ப வருவீங்க?"

"அடுத்த கோச்சியில."

ஜன்னலில் அழுதுகொண்டே போனாள் என்கிறார்கள். இருபது கஜம் தள்ளிப் போனால் கண்ணீர் தெரியாது, பாதர். முகம் ஒரு புள்ளி. மீதியைப் பார்க்கிற கண் நிரப்பிக்கொள்ளும். என் கண்ணுக்கு அவள் சிரித்தாள்.

ஆக, பென்சில் செய்த பிழை. அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட நெகட்டிவ் இதோ. இதில் பென்சில் படவே இல்லை. நகத்தளவுதான், லென்சை வைத்துப் பாருங்கள். ஐந்து பிள்ளைகள். இரண்டாவதாக உட்கார்ந்திருப்பது சுகிர்தம், அந்தப் பூப்போட்ட கவுனோடு.