கார்லிஸ் குளிச்சிட்டிருக்கான்

அட, உக்காருங்க கோச். மாடிக்கெல்லாம் போவக்கூடாது. குளிக்கிற புள்ளயப் போயி கதவத் தட்டுவீங்களா? தண்ணி விழுற சத்தம் கேக்குதுல்ல, வந்துருவான். உங்க டீம் டாக்டர்தானே சொன்னாரு, முட்டில சுடுதண்ணி விட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு? அதான், விட்டுக்கிட்டு நிக்கிறான். முட்டிக்குள்ள சவ்வு கிழிஞ்சு போனது சுடுதண்ணில ஒட்டுதான்னு பாப்போம்.

போனா? அது வாசல்ல இருக்கிற கூடையிலயே இருக்கட்டும். இந்த வீட்டுல சாப்பாட்டு மேசைக்கு எவன் போனும் வராது. பாஸ்டரே வந்தாலும் அங்க போட்டுட்டுத்தான் உள்ள வருவாரு. உங்க டீம் பஸ்ஸு மத்தியானம்தானே? கோச்ச விட்டுட்டா போயிரும்? இந்தாங்க, சோள ரொட்டி. கீரையும் வச்சுக்குங்க. விஷமெல்லாம் வைக்கல. நெனச்சேன், வைக்கல.

ரெண்டு வருசம் முன்னாடி உங்க காலேஜ் டீமுக்கு அவனக் கேட்டு வந்து, இதே நாற்காலியில உக்காந்து ரெண்டு தட்டு தின்னீங்க. ஞாபகம் இல்லயா? எனக்கு இருக்கு. என் கையப் புடிச்சுக்கிட்டு, வெர்னெல் அம்மா, இனிமே கார்லிஸ் என் புள்ளன்னீங்க. நானும் ஒரு மடச்சி, கண்ணு கலங்கிட்டேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவ நான். பின்னாடி எந்தப் புள்ள எந்தப் புள்ளயக் கிள்ளுதுன்னு திரும்பாமயே சொல்லுவேன். எதுக்க உக்காந்து புளுகுனவனத் தெரியல பாருங்க.

செப்டம்பர்ல நல்லாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல. பந்த இடுக்கிக்கிட்டு அவன் ஓடுனா எவனாலயும் தொட முடியல. தொடர்ந்து ஜெயிச்சீங்க. ஊரே ஹார்ன் அடிச்சுது. கடையில வரிசையில நின்னா, கார்லிஸோட அம்மான்னு எனக்கு வழி விட்டாங்க. நானும் கொஞ்சம் மெதப்பாத்தான் நடந்தேன்.

அப்புறம் அக்டோபர். அந்த மழையில ஆடுனீங்களே, அதுல மூணு பேரு அவன் மேல விழுந்தானுங்க. எந்திரிச்சவனுக்கு ஒரு காலத் தரையில வைக்க முடியல. கேலரில உக்காந்து நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஓரத்துல இருக்கிற கூடாரத்துக்குள்ள கூட்டிட்டுப் போனீங்க. வெளிய வந்தப்போ நொண்டவேயில்ல. வலி மரத்துப் போற ஊசிதானே? தெரியும். அன்னிக்கே திரும்பத் திரும்ப அவன் கையிலதான் பந்தக் குடுத்தீங்க. நீங்க பெத்த புள்ளயா இருந்தா குடுத்திருப்பீங்களா? சும்மா கேட்டேன். சாப்பிடுங்க.

அந்த வாரமே நானும் எங்க வீட்டுக்காரர் ஓட்டிஸும் அவன சிட்டில ஒரு வெளி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். ஸ்கேன் படத்தப் பாத்ததும் அந்தம்மா, ஒடனே ஆபரேஷன் பண்ணணும், இன்னும் ஓடுனா முப்பது வயசுல கம்பு ஊனித்தான் நடப்பான்னாங்க. சரின்னு, ஆஸ்பத்திரில முதுகு தெரியுற அந்த கவுன மாட்டிப் படுக்க வச்சாச்சு. அப்பத்தான் உங்க போன் வந்துச்சு. என்ன சொன்னீங்களோ எனக்குத் தெரியாது. புள்ள எந்திரிச்சு சட்டையப் போட்டுக்கிட்டான். என் மூஞ்சியக்கூட பாக்கல.

அப்புறம் என்ன ஜெயிச்சுக் கிழிச்சீங்க? நவம்பர் முழுக்க அடி. எவன்கிட்ட தோக்கவே கூடாதோ அவன்கிட்ட, அதுவும் நம்ம மைதானத்துலயே தோத்தீங்க. தோத்துட்டு டிவில மைக்கப் புடிச்சு என்ன சொன்னீங்க? பசங்க முழு மனசோட ஆடலன்னு. அவனுக்கு முட்டி வீங்கிப் பரங்கிக்கா மாதிரி இருந்துச்சுய்யா! மாடிப்படியில உக்காந்து உக்காந்து எறங்குனான். அவன் மனசப் பத்திப் பேச வந்துட்டீங்க.

தெரியும், தெரியும். சனிக்கிழம கடைசி ஆட்டம். அதுல ஜெயிச்சா உங்க வேல தப்பிக்கும், இல்லாட்டி வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நாங்களும் பேப்பர் படிக்கிறோம். அதுக்குத்தானே, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னு நேத்து மெசேஜ் போட்டுட்டு விடிஞ்சதும் வண்டிய எடுத்தீங்க? முட்டி வீங்கிக் கெடந்தப்போ ஒரு தடவ வந்தீங்களா? என்னது, படிப்புக்குக் குடுக்குற காசு நின்னு போவுமா? நிக்கட்டுமே. பஸ் ஓட்டுறவளுக்கு லாரி ஓட்டத் தெரியாதா?

எந்திரிக்காதீங்கன்னு சொன்னேன்ல! பீச் பழம் போட்டுச் சுட்ட கோப்லர் பலகாரம் அடுப்புல இருக்கு. போன தடவ தட்ட நக்காத குறதான். இருங்க, போன் அடிக்குது. உங்களோடது இல்ல, சுவத்துல மாட்டியிருக்கே, அது.

ம். சொல்லுங்க. ம்... தூங்கிட்டானா? நல்லா? சரி. சரிங்க, அழுவாதீங்க. நான் வர்றேன்.

ஓட்டிஸ்தான். இந்தாங்க கோப்லர். சுடுது, ஊதித் தின்னுங்க. இனிமே அவசரமே இல்ல.

நேத்து உங்க மெசேஜப் பாத்துட்டு என் புள்ள என்ன சொன்னான் தெரியுமா? அம்மா, அந்தாளு குரலக் கேட்டா நான் எந்திரிச்சிருவேன், மயக்க மருந்து ஏறுற வரைக்கும் நீ எப்பிடியாவது அவர அங்கயே புடிச்சு வச்சுக்கன்னு கெஞ்சுறான். இருவது வயசு. கதவுல குனிஞ்சுதான் நொழைவான், அவ்வளவு ஒசரம். உன் குரலுக்கு அப்பிடி நடுங்குறான்யா. அவன் போன அவுங்கப்பா புடுங்கி வச்சுக்கிட்டாரு. ஆனா அவன் இங்க இல்லன்னு தெரிஞ்சா நீ நேரா அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்ப. இடந்தான் உனக்குத் தெரியுமே.

இந்நேரம் முட்டியத் தொறந்திருப்பாங்க. இனி உன் ஊசி எதுவும் அவன சனிக்கிழம ஓட வைக்காது. தின்னு முடிச்சுட்டுக் கெளம்பு, போன் கூடையில இருக்கு. நான் மேல போயி அந்தக் குழாய மூடணும். காலையில தொறந்து விட்டது, சும்மா ஓடிக்கிட்டே இருக்கு.