ரோசம்மா சேடத்தியின் நம்பர்

ராத்திரி மணி இரண்டே முக்கால். கேரளத்துப் பாலா ஊருக்கு மேற்கே ஒரு ஆஸ்பத்திரி... பெயர் வேண்டாம், நம்மில் பாதிப் பேருக்கு அங்கேதான் சம்பளம். சர்ஜரி வார்டின் பின்கதவிலிருந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒற்றைச் சிமெண்டுப் பாதை. அதில்தான் நம்மோடு வேலை பார்க்கும் ஷைனியின் அத்தை மகன், ஆண் நர்ஸ் பின்ஸ்மோன், வழுக்கினான்.

கையில் வாளி. அதில் நோயாளிகளின் வயிற்றுக் குழாய்களிலிருந்து வடிந்த பித்தமும் சீழும். அக்குளில் அவனுடைய எம்.எஸ்ஸி. ஆராய்ச்சிக் காகிதங்கள். ஆள் விழவில்லை. காகிதம் விழுந்தது... வாளிக்குள். ப்ளக்.

எடுத்தான். பச்சையாக, நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அழுகிய முட்டையைத் துருப்பிடித்த தகரத்தில் வறுத்த நாற்றம்.

"என் ஆராய்ச்சி நாறுதுன்னு கைடு சொன்னப்ப நான் நம்பல" என்று தனக்குத்தானே சிரித்தான். பிறகு வாந்தி எடுத்தான்.

ஆராய்ச்சி, ஆபரேஷனுக்குப் பிந்தைய வலியைப் பற்றி. போன வருஷம் எல்லோரும் கால் பிடித்துவிட்டு ஆராய்ந்தார்கள். இந்த வருஷ மோஸ்தர், காதில் பாட்டு; பாதி நோயாளிகளுக்குப் போட்டு, மீதிப் பேருக்குப் போடாமல் ஒப்பிடுவது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று நாலு மணி நேரத்துக்கொருதரம் கேட்டு எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் டாக்டரும் ஊசி எழுதுவார். நாலுக்குக் கீழே என்றால் ஊசி கிடையாது.

பதினோராம் படுக்கை ரோசம்மா, எல்லோருக்கும் சேடத்தி, அதாவது அக்கா; பாட்டு இல்லாத கோஷ்டி. வயிறு முழுக்கத் தையல். நம்பர் மட்டும் சொல்லவே மாட்டாள்.

"சேடத்தி, பத்துக்கு எத்தனை?"

"பரவால்ல மோனே. நீ சாப்பிட்டியா?"

"பரவால்லன்னு ஒரு நம்பர் இல்ல சேடத்தி."

"அப்ப உனக்குத் தோணினதப் போட்டுக்கோ. நீ பாஸானா சரி."

வாளியில் நனைந்ததற்குப் பதிலாக அன்று விடியுமுன் புதுக் காகிதம் எடுத்தான். யாரையும் எழுப்பவில்லை. எல்லோருக்கும் மூணு. சேடத்திக்கும் மூணு. அடுத்த இரண்டு நாளும் அதே மூணு. டாக்டர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். சேடத்தி பல்லைக் கடிக்கிற சத்தம்... நறநற... அவன் மேஜை வரைக்கும் கேட்டது. கேட்டுக்கொண்டே நேந்திரம்பழப் பழம்பொரி தின்றான். தூ...

வலியில் இருமக்கூட முடியாமல் நெஞ்சில் சளி கட்டி, மூன்றாம் ராத்திரி போய்விட்டாள்.

மார்ச்சுவரிக்கும் அதே பாதைதான். சேடத்தியைத் துணி போர்த்திக் கிடத்திய வண்டியைத் தள்ளியது அட்டெண்டர் குஞ்ஞூஞ்ஞு. பின்ஸ்மோன் கூடவே. பாதி வழியில் அந்த நாற்றம்...

"சேட்டா, வாளி ஏதாவது கொண்டாந்தீங்களா?"

"மொதல்ல உன் மூக்கைக் கழுவுடா" என்றவர் இடுப்பைத் தடவினார். "ஐயோ, சாவி! இங்கேயே நில்லு, வந்துட்றேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்தது. ரப்பர் இலை கூட அசையவில்லை. பிறகு... நறநற. துணிக்கு அடியிலிருந்து.

ஓடியிருக்கலாம். பயம் வந்தால் அவனுக்கு வாய்தான் ஓடும்.

"சேடத்தி... பத்துக்கு எத்தனை?"

வாயிருக்கும் இடத்தில் துணி உள்ளே போய்... வெளியே வந்தது. பச்சையாக நனைந்தது.

"ஒம்போது மோனே... இன்னும் கொறையல."